ஊருக்கோர் உரையாடற் களஞ்சியம்

வன்னிப் பெருநிலத்து ஊர்ப் பெயர்களுட் பல 'குளம்' என்று முடிவதை யாவரும் அறிவர். நெளுக்குளம், செட்டிகுளம், இராசேந்திரங்குளம், பூவரசங்குளம் என வவுனியா மாவட்டத்தில் மாத்திரம் அத்தகைய பெயர்கள் பலவுள. அணை கட்டி மழைநீரைத் தேக்கிய பின்னரே அங்கே வயலும் வீடும் தோன்றின. அணையைப் பேணிய வரையில் ஊர் நிலைத்தது. பேணுவார் இல்லாதபோது காடு மூடிக்கொண்டது. இக்காலத்தில் ஓர் ஊரார் தேக்கிவைக்க வேண்டிய பொருள்களுள் நீரோடு செய்தியும் சேர்ந்துவிட்டது. தம் பேச்சையும் அறிவித்தலையும் அனுபவத்தையும் தமக்குரிய ஓரிடத்தில் தேக்கிவைக்க விரும்பும் சிறு சமூகத்தினருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டு வரும் ஒரு சாதனம் உண்டு. 'செய்திக்குழுச் சேவையகம்' என்பது அதன் பெயர். அது யாது, எவ்வாறு இயங்குகிறது, அதனைச் சிறிய அளவில் நடத்துவோர் கருத்திற்கொள்ள வேண்டியவை எவை என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

செய்திக்குழு என்னும் பெயரைக் கேட்டவுடன் செய்தித்தாள் நிலையம் ஒன்றை எண்ணுதல் வேண்டா. ஒரு பொருளைப் பற்றிப் பலர் எழுதும் மடல்களை வரிசைப்படுத்தி வைக்கும் பொதுப் பலகையே செய்திக்குழு. அத்தகைய பலகைகள் பலவற்றைத் தாங்கி நிற்கும் கணினி சேவையகம் எனப்படும். வாசகர் தம் கணினியிலிருந்து சேவையகத்தை அணுகி, விரும்பிய குழுவைத் திறந்து, புதிய மடல்களைப் படிப்பர். வேண்டுமாயின் மறுமொழி எழுதுவர். மறுமொழி எந்த மடலுக்கு எழுதப்பட்டதோ அதன் கீழேயே கிளையாக நிற்கும். மூன்று ஆண்டு கழித்து ஒருவர் எழுதும் மறுமொழியும் தனக்குரிய மடலைச் சென்றடையும். கைத்தொலைபேசியில் வட்ஸ்அப், வைபர் முதலியவற்றின் வழியே நடைபெறும் உரையாடல் ஆற்று நீரைப் போன்றது. காலையில் வந்தது மாலையிற் கண்ணுக்கெட்டாத் தூரம் சென்றுவிடும். செய்திக்குழுவில் எழுதியதோ குளத்து நீரைப் போலத் தேங்கி நிற்கும். வேண்டியபோது துருசைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

இம்முறை 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உருவாயிற்று. டியூக் பல்கலைக்கழகத்தின் மாணவர்களாகிய ரொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் என்னும் இருவரும், அயலிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்து மாணவராகிய ஸ்டீவ் பெலொவினும் அதற்கு மூலகாரணராயினர். அந்நாளில் பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் சிலவற்றுக்கு மாத்திரமே நிரந்தரமான கணினி வலையமைப்பு வாய்த்திருந்தது. அவ்வாய்ப்பில்லாத மாணவர்கள் சாதாரணத் தொலைபேசியைத் துணைக்கொண்டனர். ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசியில் அழைக்கும். இரண்டும் தத்தம்மிடம் சேர்ந்திருந்த மடல்களை மாற்றிக்கொள்ளும். பின்னர்த் தொடர்பு துண்டிக்கப்படும். கட்டணம் குறைந்த இராவேளையே இதற்குப் பெரிதும் பயன்பட்டது. 1980ஆம் ஆண்டிற் பிறருக்கும் திறந்துவிடப்பட்ட இவ்வமைப்பு 'யூஸ்நெட்' என்று பெயர் பெற்றது. வசதி குறைந்தோர் தம் தேவைக்காகக் கட்டிய அமைப்பு இது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. நாள் முழுவதும் அறுபடாத தொடர்பு இதற்கு வேண்டியதில்லை. இடையிடையே கிடைக்கும் சிறிது நேரத் தொடர்பே போதுமானது.

யூஸ்நெட்டின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள வன்னியின் குளத்தொடரைக் காட்டிலும் நல்ல உவமை கிடைத்தல் அரிது. மேட்டிலுள்ள குளம் நிறைந்து வான் பாயும்போது, அந்நீர் கீழுள்ள குளத்தை அடைகிறது. அதுவும் நிறைந்தபின் அதற்கடுத்த குளத்துக்குச் செல்கிறது. எல்லாக் குளங்களுக்கும் தனித்தனியே நீர் கொண்டுபோய் ஊற்றுவார் எவரும் இலர். அடுத்துள்ள குளத்துக்கு வழிவிடுதலே ஒவ்வொரு குளத்தின் பணி. அவ்வாறே ஒரு சேவையகத்தில் இடப்பட்ட மடல் அதன் அயற் சேவையகங்களுக்குச் செல்லும். அவை தத்தம் அயலுக்கு அனுப்பும். இவ்வாறு ஒரு மடல் உலகெங்கும் பரவும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நீர் கீழே சென்றால் மேற்குளத்தில் மட்டம் குறையும். மடல் சென்றால் மூலம் குறைவதில்லை. சென்ற இடந்தோறும் ஒவ்வொரு முழுப் பிரதி தங்குகிறது. இவ்வேறுபாட்டிலேயே யூஸ்நெட்டின் வலிமை அடங்கியிருந்தது.

ஒரே மடல் பல வழியாகத் திரும்பத் திரும்ப வந்து சேராதா என்ற ஐயம் எழுதல் இயல்பு. அதற்கென ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் சில குறிப்புகள் உள்ளன. அனுப்பியவர் பெயர், நாள், பொருள், எந்தக் குழுவுக்குரியது என்பனவற்றோடு, வேறெந்த மடலுக்கும் வாராத தனி அடையாளம் ஒன்றும் அதில் எழுதப்பட்டிருக்கும். மடல் ஒன்றைக் கொடுக்க வரும் சேவையகம் முதலில் அவ்வடையாளத்தைக் கூறி, 'இது உன்னிடம் உண்டா?' என்று வினவும். பெறும் சேவையகம் தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, முன்னரே வந்திருந்தால் மறுக்கும், இல்லையெனில் ஏற்கும். மடல் எந்தெந்தச் சேவையகங்களைக் கடந்து வந்தது என்ற வழிக்குறிப்பும் உண்டு. தபாலுறையின் மேல் ஒவ்வொரு தபாற் கந்தோரும் முத்திரையிடுவது போல ஒவ்வொரு சேவையகமும் தன் பெயரை அதிற் சேர்த்துவிடும். இவற்றை மேற்பார்க்கும் தலைமை நிலையம் எதுவும் இல்லை. அயலார் இருவர் செய்துகொள்ளும் உடன்பாடுகளின் தொகுதியே முழு அமைப்பும்.

தொலைபேசி வழியே நடந்த பரிமாற்றம், இணையம் வளர்ந்தபோது அதன் வழியே நடைபெறத் தொடங்கியது. அதற்கான நெறிமுறையை பிரயன் கான்ரர், பில் லாப்ஸ்லி என்னும் இருவர் வகுத்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். என்.என்.ரி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அந்நெறிமுறை 2006ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டது. அத்திருத்தம் உலக எழுத்துகள் யாவற்றையும் ஏற்கும் யூனிக்கோட் முறைக்கு முதலிடம் அளித்தமையால், தமிழ் மடல்கள் இடையூறின்றிச் செல்ல வழி பிறந்தது.

இலங்கையிலும் தொடக்க காலக் கணினித் தொடர்பு இத்தகைய 'தேக்கி அனுப்பும்' முறையையே சார்ந்திருந்தது. 1990ஆம் ஆண்டளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய 'லேர்ன்மெயில்' என்னும் மின்னஞ்சற் சேவை, தொலைபேசி வழியே மடல்களைத் தொகுதியாகப் பரிமாறிக்கொண்டது. வணிக முறையிலான இணையச் சேவை 1995ஆம் ஆண்டிலேயே வந்தது. அதே காலத்தில் வன்னி மக்களோ மின்சாரமும் தொலைபேசியும் இழந்திருந்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவினர் கொண்டுவந்த குடும்பச் செய்தித் தாளுக்காக வாரக்கணக்கிற் காத்திருந்ததும் அக்காலத்து வாழ்க்கை. ஒரு செய்தி எங்கோ தேங்கி, வழி கிடைத்தபோது நகர்ந்து, இறுதியில் உரியவரைச் சேரும் என்பதை விளக்க அவர்களுக்கு வேறு பாடநூல் வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த தமிழரும் தமிழகத்தாரும் யூஸ்நெட்டில் 'சொக்.கல்ச்சர்.தமிழ்' என்னும் குழுவிற் கூடினர். சமூகம், பண்பாடு, தமிழ் என்னும் மூன்று படிகளை அப்பெயர் குறிக்கும். தமிழ் எழுத்தைத் திரையிற் காட்டும் பொதுமுறை பரவாத அக்காலத்தில் பலர் தமிழை ரோமன் எழுத்திலேயே எழுதினர். மின்னஞ்சல் வழி நடந்த தமிழ்.நெட் போன்ற உரையாடல் வட்டங்களும் தோன்றின. அத்தகைய வட்டங்களிற் சந்தித்தோரின் முயற்சியால் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வத்தோடு கணினியேற்றி யாவருக்கும் இலவசமாக வழங்கும் பணி அது. ஒழுங்காகப் பேசவும் பேசியதைத் திரும்பப் பார்க்கவும் ஓரிடம் கிடைத்தால், பேச்சு செயலாக மாறக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

இத்துணைப் பெருமையுடைய யூஸ்நெட் பின்னர் ஏன் மெலிந்தது? வாயில் யாவருக்கும் திறந்திருந்தமையே அதன் வளர்ச்சிக்கும் தளர்ச்சிக்கும் காரணமாயிற்று. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கச் சட்டத்தரணி இருவர் தம் தொழிலுக்கான விளம்பரம் ஒன்றை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரேயடியாக இட்டனர். அதன்பின் வேண்டாத விளம்பரங்கள் வெள்ளமாகப் பெருகின. படங்களும் திரைப்படங்களும் துண்டு துண்டாக ஏற்றப்பட்டமையாற் சேவையகங்களின் சுமை பன்மடங்காகியது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் சேவையகத்தை மூடியது. பழைய மடல்களின் பெருந்தொகுதியை 2001ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியிருந்த கூகிள் நிறுவனம், 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாளோடு புதிய மடல்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. எனினும் அமைப்பு முற்றாக அழியவில்லை. ஆர்வலர் நடத்தும் சேவையகங்கள் பல இன்றும் தம்முள் மடல்களைப் பரிமாறி வருகின்றன.

பெரிய அமைப்பு தளர்ந்தாலும் அதன் கருவிகள் சிறியோர் கைக்கு எட்டும் நிலையில் உள்ளன. உலகத்தோடு தொடர்பு கொள்ளாமல், தெரிந்தவர்களுக்கு மாத்திரம் வாயில் திறக்கும் தனிச் சேவையகம் ஒன்றை எவரும் நிறுவலாம். வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலுள்ள பூவரசங்குளத்தை உதாரணமாகக் கொள்வோம். அத்தகைய ஓர் ஊரின் கமக்காரர், பாடசாலைப் பழைய மாணவர், வெளிநாட்டில் வாழும் உறவினர் ஆகியோர் சேர்ந்து நூறு பேர் இருப்பர் எனக் கருதுக. ரொறன்ரோவின் நேரம் இலங்கை நேரத்துக்கு ஒன்பதரை முதற் பத்தரை மணி வரை பிந்தியது. அங்குள்ளவர் விழித்திருக்கும்போது ஊர் உறங்கும். ஒருவருக்காக மற்றவர் காத்திராமல், அவரவர் ஓய்வில் எழுதவும் படிக்கவும் செய்திக்குழு இடந்தருகிறது.

இதற்கு வேண்டிய கணினி மிகச் சிறியது. 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'ராஸ்பெரி பை' என்னும் உள்ளங்கையளவு கணினியே போதும். அது உண்ணும் மின்சாரம் சில உவாற்று மாத்திரம். சிறியதொரு சூரியத் தகடும் மின்கலமும் அதனைத் தாங்கும். ரிச் சால்ஸ் என்பவர் எழுதி 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஐ.என்.என்.' என்னும் மென்பொருள் இன்றும் திருத்தம் பெற்று இலவசமாகக் கிடைக்கிறது. படிப்போருக்குத் 'தண்டர்பேர்ட்' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

இடமும் ஒரு சிக்கலாகாது. யூனிக்கோட் முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு செலவாகும். முந்நூறு சொற்கொண்ட மடல் ஏறத்தாழப் பத்துக் கிலோபைட்டு எனலாம். நாளொன்றுக்கு ஐம்பது மடல் வந்தாலும் ஓராண்டுக்கு 180 மெகாபைட்டுக்குச் சற்று மேற்படுமேயன்றி அதிகமாகாது. 32 கிகாபைட்டு நினைவட்டை ஒன்றில் நூறு ஆண்டு மடல்கள் அடங்கும். ஆனால் அந்த அட்டை நூறு ஆண்டு இராது. இடைவிடாது எழுதப்படும் நினைவட்டை சில ஆண்டுகளிலேயே பழுதாகக்கூடும். இவ்வுண்மையை மறந்தோர் பின்னர் வருந்துவர்.

சேவையகத்தை நிறுவுதல் ஒருநாள் வேலை. நடத்துதலே நெடுங்காலப் பணி. நடத்துவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது குழுக்களின் எண்ணிக்கை. ஆர்வமிகுதியால் ஐம்பது குழுக்களைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு மடல்கள் கிடந்து உலரும். அறிவித்தல், வேளாண்மை, கல்வி, ஊர் வரலாறு என நான்கு குழுக்களோடு தொடங்கி, தேவை எழுந்தபோது கிளை பிரித்தல் நன்று. சிறுபோகம், காலபோகம் பற்றிய மடல்கள் பெருகினால் வேளாண்மையை இரண்டாக்கலாம். குழுக்களின் பெயர்களை மாத்திரம் ரோமன் எழுத்திற் சுருக்கமாக அமைத்தல் எல்லாக் கருவிகளுக்கும் ஒத்துவரும். விளக்கமும் மடல்களும் தமிழிலேயே இருக்கலாம்.

இரண்டாவது, வாயிற்காவல். தனிச் சேவையகத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கப்படும். எந்தக் குழுவை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை நடத்துவோர் வரையறுப்பர். அறிவித்தற் குழுவில் நால்வர் மாத்திரம் எழுதவும் ஏனையோர் படிக்கவும் ஒழுங்கு செய்யலாம். வெளிநாட்டிலிருந்து வருவோருக்காகச் சேவையகத்தை இணையத்தில் வைப்பதாயின், தொடர்பு முழுவதும் மறைகுறியாக்கப்படுதல் இன்றியமையாதது. வீட்டு இணைப்புகள் பலவற்றுக்கு நிலையான முகவரி இல்லாமையால், வாடகைக்குப் பெறும் கணினியொன்றைப் பயன்படுத்த நேரலாம். வவுனியாப் பல்கலைக்கழகம் இதே வீதியிற் பம்பைமடுவில் அமைந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாகிய அதில் கணினி பயிலும் இளைஞர் உளர். தொழில்நுட்பம் அறிந்தவரைத் தேடி இன்று தொலைதூரம் அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, நடுவர். எழுதப்படும் ஒவ்வொரு மடலும் ஒருவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே வெளிவர வேண்டும் என்ற ஏற்பாட்டைக் குழுவுக்குக் குழு அமைக்க இயலும். அந்த ஒருவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதற்கு ஊரின் நீர்ப்பங்கீட்டு வழக்கமே வழிகாட்டி. முற்காலத்தில் வட்டவிதானை என்பார் நீர்ப்பங்கீட்டைக் கண்காணித்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவர் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று கமக்காரர் அமைப்புகள் கூடித் தீர்மானிக்கின்றன. தனி ஒருவரின் விருப்பிலிருந்து கூட்டத்தின் முடிவுக்கு நகர்ந்த வரலாறு அது. சேவையகத்தின் திறவுகோலை வைத்திருப்பவரும் அவ்வாறே கூட்டம் வகுத்த விதிக்குக் கட்டுப்பட்டவராதல் வேண்டும். தமக்குப் பிடிக்காத கருத்தை நீக்கும் ஆற்றல் அவர் கையில் இருக்கிறது; அதனைப் பயன்படுத்தாதிருத்தலே அவர் தகுதி. எவை நீக்கப்படும், நீக்கியதை யாருக்கு அறிவிப்பது, முறையீட்டை யார் கேட்பது என்பவற்றை முதல் மாதத்திலேயே எழுதி, அறிவித்தற் குழுவின் முதல் மடலாக இட்டுவிட்டாற் பின்னர்ப் பிணக்குக் குறையும்.

நான்காவது, மடலின் ஆயுள். பெரிய சேவையகங்கள் இடம் போதாமையாற் சில நாள் அல்லது சில வாரம் கழிந்த மடல்களைத் தாமாகவே அழித்துவிடும் வழக்கமுடையன. தனிச் சேவையகத்தில் இவ்வாயுளைக் குழுவுக்குக் குழு மாற்றியமைக்கலாம். நாளைய கூட்டம் பற்றிய அறிவித்தலுக்குத் தொண்ணூறு நாள் போதும். எந்த ஆண்டில் எந்தக் குளம் வான் பாய்ந்தது, எந்த நெல்லினம் வரட்சியைத் தாங்கியது, பழைய வாய்க்கால் எவ்வழி சென்றது என முதியவர் ஒருவர் எழுதிய மடல் என்றைக்கும் இருத்தல் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருத்தலும் நன்மையன்று. ஒருவரின் நோய், கடன், காணாமற்போன உறவினரைத் தேடும் துயரம் முதலியவை நம்பிக்கையோடு எழுதப்படுவன. அவற்றை எழுதியவர் வேண்டும்போது அழிக்கும் உரிமை அவருக்கு இருத்தல் வேண்டும். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென இலங்கைப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டில் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் கூறுமுன்னரே அண்டை வீட்டாரின் மறைபொருளைக் காப்பது ஊர்ப்பண்பு.

இனி, யாவற்றிலும் முதன்மையான கடமை ஒன்று எஞ்சியுள்ளது. யூஸ்நெட்டில் ஒரு மடலுக்கு உலகெங்கும் பிரதிகள் இருந்தன; ஒரு சேவையகம் எரிந்தாலும் மற்றொன்றில் மடல் இருக்கும். தனிச் சேவையகம் தன் வாயிலை அடைத்துக்கொண்டபோது அப்பாதுகாப்பையும் இழந்துவிடுகிறது. குளத்தொடரிலிருந்து பிரித்துக் கட்டிய தனிக்குளத்தில் அணை உடைந்தால் நீர் முழுவதும் போய்விடும். ஒரே பிரதி என்பது எத்துணை ஆபத்தானது என்பதை ஈழத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவிலும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டத்து மக்கள் இடம்விட்டு இடம்பெயர்ந்து, செட்டிகுளத்துக்கு அண்மையிலுள்ள மனிக்பாம் முகாம்களை அடைந்தபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் குடும்பப் படமும் இழந்து வந்தோர் பலர். உயிர் தப்பியோர் தாம் யார் என்பதைக் காட்டும் தாளின்றி நின்றனர். அத்தகைய இழப்புகளின் பின்னணியிலேயே 2005ஆம் ஆண்டில் நூலகம் திட்டம் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணினியேற்றிப் பாதுகாத்து வருகிறது.

பிரதி எடுத்து வைப்பவர் ஒருவரின் பொறுமை எவ்வளவு பெரிய பயன் தரும் என்பதற்கு யூஸ்நெட் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து விலங்கியற்றுறையின் கணினியைப் பராமரித்தவர் ஹென்றி ஸ்பென்சர் என்பவர். பிறர் சில வாரத்தில் அழித்துவிட்ட மடல்களை அவர் 1981ஆம் ஆண்டிலிருந்து 1991ஆம் ஆண்டுவரை காந்த நாடாக்களிற் பதிந்து வைத்தார். 141 நாடாக்கள் சேர்ந்தன. அவற்றில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மடல்கள் இருந்தன. மேற்கு ஒன்ராரியோப் பல்கலைக்கழகத்து டேவிட் வைஸ்மன் முதலியோர் அவற்றைப் படித்து மாற்ற, 2001ஆம் ஆண்டு இறுதியில் அவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. யூஸ்நெட்டின் முதற் பத்தாண்டுகளைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவற்றுட் பெரும்பகுதி அந்நாடாக்களின் பயனே. இத்துணையையும் காத்தது ஒரு துறையின் சிறு சேவையகம். காத்தவர் தம் அன்றாடக் கடமையினிடையே அதனைச் செய்தார்.

அவ்வழியைப் பின்பற்ற விரும்பும் சிறு சேவையகத்தார் மூன்று ஏற்பாடுகளைச் செய்தல் வேண்டும். முதலாவது, இணைச் சேவையகம். செய்திக்குழு மென்பொருளின் இயல்பே மடலை அயலுக்கு அனுப்புதலாதலால், உறுப்பினர் ஒருவர் வேறு நகரிலோ வேறு நாட்டிலோ மற்றொரு சிறு கணினியை வைத்து, இரண்டும் தம்முள் மாத்திரம் மடல் மாற்றிக்கொள்ளச் செய்யலாம். வெளியாருக்கு வாயில் திறக்காமலே குளம் இரண்டாகிவிடும். ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்றிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாவது, மாதந்தோறும் ஒரு தனி வட்டிற் பிரதி எடுத்தல். அழிக்கும் கட்டளை ஒன்று தவறுதலாக இடப்பட்டால் அது இணைச் சேவையகத்துக்கும் சென்றுவிடக்கூடும். அலுமாரியிற் பூட்டிய வட்டு அத்தவற்றுக்கு எட்டாது. எழுதியவர் அழிக்கச் சொன்ன மடலை அடுத்த பிரதியிலிருந்தும் நீக்குதல் கடமை. எடுத்த பிரதியிலிருந்து மடல்கள் உண்மையில் மீள்கின்றனவா என ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தலும் வேண்டும். மாரிக்கு முன் துருசைத் திறந்து மூடிப் பார்க்காத ஊர், வெள்ளம் வந்தபின் அதனைத் திருத்த முயலுதல் வீண்.

மூன்றாவது ஏற்பாடே பெரிதும் மறக்கப்படுவது. அது வாரிசு. தனியார் சேவையகம் பலவற்றுக்கு முடிவு நேர்வது பொறி பழுதானமையாலன்று. நடத்தியவர் வெளிநாடு சென்றமையால், நோயுற்றமையால், அல்லது காலமானமையால். கடவுச்சொல் அவரோடு போய்விட, மடல்கள் பூட்டிய அறையிற் கிடக்கின்றன. ஆகவே தொடக்கத்திலிருந்தே இருவர் பயிற்சி பெறுதல் வேண்டும். ஒருவராவது இளையவராதல் நன்று. கடவுச்சொற்களையும், சேவையகத்தை நிறுத்தவும் தொடங்கவும் பிரதியிலிருந்து மீட்கவும் வேண்டிய படிமுறைகளையும் எளிய தமிழில் இரண்டு தாளில் எழுதி, முத்திரையிட்டு, அமைப்பின் செயலாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். வாடகைக் கணினிக்கும் இணைய முகவரிக்கும் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்தையும் தனி ஒருவர் பையிலிருந்தன்றி, பொதுப் பணத்திலிருந்து செலுத்தும் ஒழுங்கு இருத்தல் வேண்டும். கட்டணம் ஒருமுறை தவறினாலும் பல்லாண்டுச் சேமிப்பு மறைந்துபோகலாம்.

'இவையெல்லாம் எதற்கு? பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் வசதிகள் இல்லையா?' எனச் சிலர் வினவலாம். அன்றாடப் பேச்சுக்கு அவை போதும். அவற்றைக் கைவிட வேண்டியதும் இல்லை. ஆயினும் பெருநிறுவனம் ஒன்று எந்நேரமும் தன் கதவை மூடலாம் என்பதை யூஸ்நெட்டின் வரலாறே காட்டிவிட்டது. மூடுமுன் அது பூவரசங்குளத்தாரைக் கேட்டு மூடப்போவதில்லை. ஊரின் நினைவாக எஞ்ச வேண்டியது எது, மறக்கப்பட வேண்டியது எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஊராரிடமே இருக்க வேண்டுமாயின், அதற்குரிய உழைப்பையும் அவர்களே ஏற்றல் வேண்டும். உள்ளங்கையளவு கணினியும், மாதம் சில மணி நேர உழைப்பும், வேறோர் இடத்தில் ஒரு பிரதியும், அதனைப் பொறுப்பேற்க இன்னொருவரும் போதும். வன்னியில் அணைகட்டியோர் தம் வாழ்நாளுக்கு மாத்திரம் அணைகட்டவில்லை. மண்வெட்டியை அடுத்தவர் கையிற் கொடுத்துச் சென்றமையாலேயே குளங்கள் இன்றும் நிறைகின்றன.